12 மில்லி ஆம்பியர் சொல்லாமல் விடுவது

காரைக்குடிப் பக்கம் ஒரு ரசாயன ஆலை என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீரை நடுநிலைக்குக் கொண்டுவரும் தொட்டியில் ஒரு பிஎச் மீட்டர் இறக்கப்பட்டிருக்கிறது. அதன் அளவு 0 முதல் 14 வரை. அங்கிருந்து இரண்டே கம்பி கண்ட்ரோல் ரூமுக்கு வருகிறது. திரையில் 7.0 என்று தெரிகிறது. வெளியே விடும் நீரின் பிஎச் 5.5-க்கும் 9-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதிகளின் பொது வரம்பு. 7.0-ஐப் பார்க்கும் ஷிப்ட் ஆபரேட்டருக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் கம்பியில் ஓடுவது 12 மில்லி ஆம்பியர். அளவின் அடிக்கு 4, உச்சிக்கு 20 மில்லி ஆம்பியர் என்பது கணக்கு; நடுவில் நிற்கும் 7.0-க்கு 12.

அந்த 12-க்கு மூன்று விதமான காரணம் இருக்கலாம். தண்ணீர் உண்மையிலேயே நடுநிலையில் இருக்கலாம். அல்லது பிஎச் மீட்டரின் கண்ணாடிக் குமிழ் உடைந்து போயிருக்கலாம். குமிழ் உடைந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே நீர்தான். மின்னழுத்த வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். பூஜ்யம் மில்லி வோல்ட் என்றால் மீட்டரின் கணக்கில் அது பிஎச் 7. மூன்றாவது, காலையில் லூப் செக் செய்த, அதாவது கருவியிலிருந்து திரை வரை போகும் மின்சுற்றைச் சோதித்த டெக்னீஷியன் மின்னோட்டத்தை 12-இல் நிறுத்திச் சோதித்துவிட்டு, திரும்ப விடுவிக்காமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம்.

மூன்றும் கண்ட்ரோல் ரூமில் ஒரே மாதிரிதான் தெரியும். மூன்றில் எது என்று பிரித்துச் சொல்லும் தகவலும் அதே இரண்டு கம்பியில், அதே நேரத்தில் வர முடியும். ஹார்ட் என்கிற தொடர்பு முறை 1980-களிலிருந்து இதைச் செய்து வருகிறது. அளந்ததை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். இன்று விற்கும் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் கருவி சொல்வதைக் கேட்கும் ஏற்பாடு பல ஆலைகளில் இல்லை. வாங்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

காரைக்குடியை வைத்து இதைப் பேச எனக்குக் காரணம் உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த சிக்ரி, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம், இங்கேதான் இருக்கிறது. கண்ணாடி மின்முனையில் மில்லி வோல்ட் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி இந்த ஊரில் ஆழமாகப் பேச ஆள் உண்டு. இன்னொரு பக்கம், செட்டிநாட்டு ஊர்களின் பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் படித்த பிள்ளைகள் வளைகுடா நாட்டு எண்ணெய் ஆலைகளுக்கு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகப் போகிறார்கள். வகுப்பில் 4–20 நன்றாகவே கற்றுக்கொண்டு போகிறார்கள். போன இடத்தில் முதல் வாரமே கையில் ஒரு கம்யூனிகேட்டரை, அதாவது கருவியோடு ஹார்ட்டில் பேசும் கையடக்கப் பெட்டியை, கொடுத்து "ரேஞ்ச் மாற்று" என்பார்கள். பொத்தானை அழுத்தினால் வேலை நடந்துவிடுகிறது. கம்பியில் என்ன நடக்கிறது என்பது மட்டும் பலருக்குக் கடைசி வரை விளங்குவதில்லை.

சரி, 4–20-இலிருந்தே தொடங்கலாம். மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன் ஆலைகளில் சிக்னல் என்றால் காற்றழுத்தம். மெல்லிய குழாயில் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரை. 3 என்றால் அளவின் அடி, 15 என்றால் உச்சி. கண்ட்ரோல் வால்வின் தலையில் உள்ள டயாஃப்ரம் இன்றும் பல இடங்களில் இதே 3–15-இல்தான் அசைகிறது. 1950-களுக்குப் பின் காற்றின் இடத்துக்கு மின்னோட்டம் வந்தது. 10–50 போன்ற வேறு அளவுகளும் கொஞ்ச காலம் புழங்கின. கடைசியில் நிலைத்தது 4–20. 1970-களில் அதுவே தர நிர்ணயமும் ஆனது.

மின்னழுத்தத்தை விட்டு மின்னோட்டத்தைப் பிடித்ததில் பெரிய வசதி இருக்கிறது. ஒரே சுற்றில் வரிசையாக இணைந்த எல்லா இடத்திலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். கேபிள் நீண்டு அதன் தடை கூடினாலும் அளவு மாறாது, மின்வழங்கியில் வோல்ட் மிச்சம் இருக்கும் வரை. அப்புறம், அடிமட்டம் 0 இல்லாமல் 4-இல் தொடங்குவதால் கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அந்த 4-க்குள்ளேயே கிடைக்கிறது. தனியாகப் பவர் கம்பி வேண்டாம். உள்ளே இருக்கும் சென்சார், நுண்செயலி, தொடர்புச் சுற்று எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரை மில்லி ஆம்பியரில் பிழைத்தாக வேண்டும். இவ்வளவு சொற்பத்தில் இத்தனை வேலை நடப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

4–20-இன் குறை ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்லும். 1980-களில் டிரான்ஸ்மிட்டருக்குள் நுண்செயலி புகுந்தபோது இந்தக் குறை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. தன் வெப்பநிலை, தன் எல்லை, தன் பழுது எல்லாவற்றையும் கருவி அறிந்திருக்கிறது. வெளியே சொல்ல வழி இல்லை. அக்கால முறைகள் சிலவற்றில் கருவியோடு பேச ஆரம்பித்தால் அனலாக் சிக்னல் குலைந்துவிடும். லூப்பை மேனுவலில் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். ஓடும் ஆலையில் இதை அடிக்கடி யாரும் செய்ய மாட்டார்கள்.

ரோஸ்மவுண்ட் நிறுவனம் 1980-களின் நடுவில் உருவாக்கிய ஹார்ட் இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அமெரிக்கத் தொலைபேசி மோடத்தில் ஏற்கெனவே இருந்த பெல் 202 என்ற முறை. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் மேல், ஏற்றமாக அரை மில்லி ஆம்பியர், இறக்கமாக அரை மில்லி ஆம்பியர் என்று ஒரு சிற்றலையை ஏற்றுகிறார்கள். 1 என்ற பிட்டுக்கு அலை 1200 ஹெர்ட்ஸ், 0 என்ற பிட்டுக்கு 2200 ஹெர்ட்ஸ். நொடிக்கு 1200 பிட் போகிறது.

நம் ஊர் ஊருணியில் நீர் எந்தப் படியில் நிற்கிறது என்பது ஒரு சேதி. நீரின் மேல் காற்றில் ஓடும் சிற்றலை வேறொரு சேதி. அலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவே இறங்குவதால், எத்தனை அலை ஓடினாலும் நீர் நிற்கும் படி மாறுவதில்லை. ஹார்ட் அலையின் சராசரியும் இப்படிப் பூஜ்யம்தான். கண்ட்ரோல் ரூமில் மின்னோட்டத்தை வாங்கி அளக்கும் இன்புட் கார்டு மெதுவாக மாறுவதை மட்டும் எடுத்துக்கொண்டு வேகமான அலையை வடிகட்டிவிடுகிறது. அதற்கு 12 என்பது 12-ஆகவே தெரியும். அலையைக் கேட்கத் தெரிந்த கருவிக்கு மட்டும் அதே கம்பியில் இரண்டாவது பேச்சு கேட்கிறது. புதுக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் கணக்கிலும் கை வைக்க வேண்டியதில்லை. இந்த முறையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டு, 1993-இல் அதற்கென்று தனி அமைப்பும் தொடங்கினார்கள். பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் போட்ட கம்பியைப் போட்டபடி விட்டதுதான் முதல் காரணம் என்பேன். ஓர் ஆலையில் பிடுங்கி மாற்றக் கஷ்டமான பொருள் கேபிள்.

களத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் 250 ஓம். சிற்றலை கேட்க வேண்டும் என்றால் லூப்பில் குறைந்தது 230 ஓம் தடை இருக்க வேண்டும். வழக்கமாக 250 போடுவார்கள். மின்வழங்கிக்கு உள்தடை மிகக் குறைவு. அதனால் வெறும் 24 வோல்ட் மின்வழங்கியையும் டிரான்ஸ்மிட்டரையும் நேராக இணைத்தால், அலை மின்வழங்கியிலேயே அடங்கிப் போய்விடும். வொர்க்ஷாப் மேசையில் கருவியை வைத்து "டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று வந்ததும் கருவி பழுது என்று எழுதி அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. இடையில் ஒரு 250 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் அது பேசும். ஒரு மில்லி ஆம்பியர் அகலமுள்ள அலை 250 ஓமில் கால் வோல்ட் ஆகிறது; கம்யூனிகேட்டர் கேட்பது அந்தக் கால் வோல்ட்டைத்தான். ஆகவே அதை ரெசிஸ்டருக்கு இருபுறமோ டிரான்ஸ்மிட்டருக்கு இருபுறமோ மாட்ட வேண்டும். மின்வழங்கியின் முனைகளில் மாட்டினால் ஒன்றும் கேட்காது.

தடையைச் சேர்க்கச் சேர்க்க வோல்ட் கரையும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 24 வோல்ட் மின்வழங்கி. 20 மில்லி ஆம்பியரில் 250 ஓம் 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். தீப்பிடிக்கும் பகுதிக்காகப் போடும் பாதுகாப்பு பேரியருக்கு 300 ஓம் என்றால் இன்னும் 6. கேபிளுக்கு 50 ஓம் என்றால் 1. டிரான்ஸ்மிட்டருக்கு மிஞ்சுவது 12 வோல்ட். கருவியின் கையேடு குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று சொன்னால் நாம் விளிம்பில் நிற்கிறோம். இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. நாமூர் என்ற ஆலைப் பயனர் அமைப்பின் பரிந்துரைப்படி டிரான்ஸ்மிட்டர் பழுதானால் மின்னோட்டத்தை 3.6-க்குக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் 21-க்கு மேல் ஏற்ற வேண்டும். 22-க்கு ஏற்ற முயலும்போது இதே லூப்பில் 13.2 வோல்ட் தடைகளிலேயே போய்விடும், கருவிக்கு 10.8-தான் எஞ்சும். நல்ல நாளில் சரியாக ஓடிய லூப், பழுதைச் சொல்ல வேண்டிய ஒரே நாளில் சொல்ல முடியாமல் போகலாம். லூப் டிராயிங்கில் இந்தக் கூட்டல் கழித்தலை யாராவது ஒருவர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பேச்சின் ஒழுங்கு எளிமையானது. வழக்கமாகக் கருவி தானாகப் பேசாது, கேட்டால்தான் பதில். கேட்பவர் இருவர் இருக்கலாம்: கண்ட்ரோல் சிஸ்டம் ஒன்று, கையில் வைத்திருக்கும் கம்யூனிகேட்டர் இன்னொன்று. ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கம், பிழை சோதிக்கும் பிட், முடிவு எல்லாம் சேர்ந்து 11 பிட். நொடிக்கு 1200 பிட் என்றால் நூற்றுச் சொச்சம் பைட்தான். கேள்வியும் பதிலுமாக நொடிக்கு இரண்டு மூன்று பரிமாற்றம் நடக்கும். இன்றைய செல்போன் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது நத்தை வேகம். ஆனால் வால்வைத் திறந்து மூடும் அவசர வேலை அனலாக் பக்கம் தடையில்லாமல் நடக்கிறது. டிஜிட்டல் பக்கம் நிதானமாகக் கருவியின் உடல்நிலையைச் சொன்னால் போதும். கண்ணாடிக் குமிழ் உடைந்தது இரண்டு நொடி தாமதமாகத் தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கேள்விகளுக்கு எண் உண்டு. கமாண்ட் 0 என்றால் "நீ யார்?" கமாண்ட் 1 என்றால் முதல் அளவைச் சொல். கமாண்ட் 3 என்றால் லூப் மின்னோட்டத்தோடு நான்கு அளவு வரை சொல். பிஎச் டிரான்ஸ்மிட்டர் என்றால் பிஎச், நீரின் வெப்பநிலை, மூல மில்லி வோல்ட், கண்ணாடியின் மின்தடை என்று அந்த நான்கையும் அமைத்துக்கொள்ளலாம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கேள்விகள் ஒரு தொகுதி, பலவற்றுக்குப் பொருந்துபவை ஒரு தொகுதி, அந்தந்தக் கருவிக்கே உரியவை ஒரு தொகுதி. கடைசித் தொகுதியைப் புரிந்துகொள்ளத்தான் கருவியின் விவரக் கோப்பு கம்யூனிகேட்டரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். புதுக் கருவியைப் பழைய கம்யூனிகேட்டரில் மாட்டினால் பாதி மெனு வராமல் இருப்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது, பதில் ஒவ்வொன்றோடும் கேட்காமலே வரும் நிலைமை பைட். அதில் எட்டு பிட். கருவி பழுது, யாரோ அமைப்பை மாற்றியிருக்கிறார்கள், மின்சாரம் போய் வந்திருக்கிறது, சொல்ல இன்னும் விவரம் இருக்கிறது, லூப் மின்னோட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, லூப் மின்னோட்டம் எல்லையில் முட்டி நிற்கிறது, துணை அளவு எல்லை தாண்டிவிட்டது, முதல் அளவு எல்லை தாண்டிவிட்டது. எட்டே பிட்டில் ஒரு கருவியின் நிலவரத்தை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

இப்போது அந்த மூன்று 12-களைப் பிரித்துவிடலாம். டெக்னீஷியன் நிறுத்தி வைத்துவிட்டுப் போன 12 என்றால், "மின்னோட்டம் நிறுத்தப்பட்டிருக்கிறது" என்ற பிட் எரிந்துகொண்டிருக்கும். டிஜிட்டல் பக்கம் பிஎச் வேறு எண் சொல்லும். குமிழ் உடைந்த 12 என்றால், பத்து, நூறு மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டிய கண்ணாடியின் தடை சரிந்திருக்கும். தடையைச் சோதிக்கும் வசதியுள்ள மீட்டர் அதை உடனே சொல்லிவிடும். தடை ஒழுங்கு, பிட் எதுவும் எரியவில்லை, அமிலமோ காரமோ சேரும்போது மில்லி வோல்ட் அசைகிறது என்றால் அந்த 7.0-ஐ நம்பலாம். மின்முனை வயதாவதையும் இதே வழியில் பிடிக்கலாம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லி வோல்ட் கொடுக்க வேண்டிய கண்ணாடி, மாதங்கள் போகப் போகக் குறைவாகக் கொடுக்கும். கடைசி காலிப்ரேஷனில் ஒரு பிஎச்சுக்கு எத்தனை மில்லி வோல்ட் வந்தது என்பது கருவியின் நினைவில் இருக்கிறது, கேட்டால் சொல்லும்.

ஐப்பசி கார்த்திகை மழைக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. களத்தில் கம்பிகளை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸின் கேஸ்கெட் தளர்ந்திருந்தால் ஈரம் உள்ளே போகும். இரண்டு டெர்மினலுக்கு நடுவில் மெல்லிய ஈரப் படலம் ஒட்டி, டிரான்ஸ்மிட்டருக்கு இணையாக ஒரு கசிவுப் பாதை உண்டாகும். கசிவின் தடை ஏறக்குறைய 50 கிலோ ஓம் என்றாலே போதும், 0.4 மில்லி ஆம்பியர் அந்த வழியில் ஓடும். டிரான்ஸ்மிட்டர் 12.0 அனுப்ப, கண்ட்ரோல் ரூமுக்கு 12.4 வந்து சேரும். மொத்த அளவில் இரண்டரை சதவீதப் பிழை. நெல் ஆலை பாய்லரின் நீராவி அழுத்தம் 0–10 பார் அளவில் இருந்தால் கால் பார் கூடுதலாகக் காட்டும். வயர் அறுந்தால் தெரிந்துவிடும், இது தெரியாது. தான் எத்தனை மில்லி ஆம்பியர் அனுப்புகிறோம் என்பதைக் கருவி ஹார்ட் வழியாக எண்ணாகவே சொல்கிறது. அந்த எண்ணையும் இன்புட் கார்டு அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கசிவு பிடிபட்டுவிடும். மென்பொருளில் ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். கடலோரக் காற்றும் அடைமழையும் சேரும் நம் பக்கத்துக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரியவில்லை.

கம்யூனிகேட்டர் கையில் இருப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேஞ்ச் மாற்றுவது காலிப்ரேஷன் ஆகாது. ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டருக்குள் மூன்று கட்டம் இருக்கிறது. சென்சாரின் மின் அளவை அழுத்தமாகவோ மட்டமாகவோ மாற்றுவது முதல் கட்டம். அந்த அழுத்தத்தை 4–20-இன் எந்த இடத்தில் வைப்பது என்பது இரண்டாவது. ரேஞ்ச் என்பது இதுதான். அந்த எண்ணை உண்மையான மின்னோட்டமாக வெளியே தள்ளுவது மூன்றாவது. முதல் கட்டம் தவறியிருந்தால் சென்சார் டிரிம் செய்ய வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு நம்பகமான அழுத்த அளவி வேண்டும். மூன்றாவது தவறியிருந்தால் அவுட்புட் டிரிம், அதற்கு நல்ல மில்லி ஆம்பியர் மீட்டர் வேண்டும். சென்சார் விலகியிருக்கும்போது ரேஞ்சை ஆட்டி 4-ஐயும் 20-ஐயும் பொருத்திவிட்டால், அனலாக் பக்கம் சரியாகத் தெரியும், டிஜிட்டல் பக்கம் அதே கருவி தவறான அழுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து வருபவர் எதை நம்புவார்? கம்யூனிகேட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு காலிப்ரேஷனுக்குக் கிளம்புகிற பழக்கத்தை நம் பயிற்சிக் கூடங்களிலேயே நிறுத்த வேண்டும்.

ஒரே கம்பி ஜோடியில் பல கருவிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் 4 மில்லி ஆம்பியரில் நிறுத்தி, டிஜிட்டலாக மட்டும் பேசவைக்கும் வழியும் ஹார்ட்டில் உண்டு. பழைய பதிப்பில் 15 கருவி வரை. மெதுவாக மாறும் தொட்டி மட்டங்களுக்கு அது போதும்.

கேட்கும் ஏற்பாடு ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினிகளான பிஎல்சி, டிசிஎஸ் வாங்கும்போது சாதாரண அனலாக் இன்புட் கார்டும் இருக்கும், ஹார்ட் கேட்கும் கார்டும் இருக்கும். இரண்டாவது விலை கூடுதல். டெண்டரில் 4–20 என்று மட்டும் எழுதியிருந்தால் முதலாவதுதான் வரும். பிறகு டிரான்ஸ்மிட்டர்கள் கமிஷனிங் நாளில் ஒரு முறையும், ஏதாவது பழுதானால் இன்னொரு முறையும்தான் பேச வாய்ப்புப் பெறும். பழைய கார்டைக் கழற்றாமலே வழி இருக்கிறது: களத்துக் கம்பிகள் வந்து சேரும் மார்ஷலிங் கேபினட்டில் ஹார்ட் மல்டிபிளெக்சர் ஒன்றை வைத்தால், ஒவ்வொரு லூப்பாகக் கேட்டு, பராமரிப்புக் கணினிக்குச் சொல்லும். எல்லா லூப்புக்கும் செய்ய வேண்டியதில்லை. கழிவுநீர் பிஎச், பாய்லர் டிரம் மட்டம், நீராவி அழுத்தம் என்று தவறினால் ஆபத்தானவற்றுக்கு முதலில் செய்யலாம்.

கேட்கத் திறந்த வாசலில் எழுதவும் முடியும் என்பதால் ஓர் எச்சரிக்கை. கம்பியில் ஓடும் ஹார்ட்டுக்குக் கடவுச்சொல் காவல் கிடையாது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து கம்யூனிகேட்டரை மாட்டும் எவரும் ரேஞ்சை மாற்றிவிடலாம். பாதுகாப்பு லூப்களில் கருவிக்குள் இருக்கும் எழுத்துத் தடை சுவிட்சைப் போட்டே வைக்க வேண்டும்.

ஹார்ட்டை ஓரங்கட்ட வந்தவை பல. ஃபவுண்டேஷன் ஃபீல்டுபஸ், புரோஃபிபஸ் பிஏ இரண்டும் நொடிக்கு 31.25 கிலோபிட்டில் முழு டிஜிட்டலாகவே பேசின. 4–20-ஐ அவை முற்றிலும் கைவிட்டதால், மீட்டரை மாட்டிப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் பழைய கைப்பழக்கம் அங்கே செல்லவில்லை. சின்ன ஆலைகள் அந்தப் பக்கம் போகவே இல்லை. கம்பியே இல்லாத வயர்லெஸ்ஹார்ட் 2007-இல் வந்து, 2010-இல் சர்வதேசத் தரமும் ஆனது. கேபிள் இழுக்க முடியாத இடங்களுக்கு அது நல்ல வழி. இப்போது வந்திருப்பது ஈதர்நெட்-ஏபிஎல்: இரண்டே கம்பியில், ஆயிரம் மீட்டர் வரை, நொடிக்கு 10 மெகாபிட், கருவிக்கு மின்சாரமும் அதிலேயே. புதிதாகக் கட்டும் பெரிய ஆலைகள் அதைத்தான் பார்க்கும். அதிலும் ஹார்ட்-ஐபி என்ற வடிவில் பழைய கமாண்டுகள் உயிரோடு இருக்கின்றன, கமாண்ட் 0 அங்கேயும் "நீ யார்?" என்றே கேட்கும்.

நம் பக்கத்து நெல் ஆலை பாய்லருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் அவ்வளவு வேகம் வேண்டியதில்லை. அடுத்த முறை இன்புட் கார்டுக்கு ஆர்டர் எழுதும்போது "ஹார்ட் வசதியுடன்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதினால், டிரான்ஸ்மிட்டரோடு ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய வசதி வேலை செய்ய ஆரம்பிக்கும். பழைய கார்டு இன்னும் நன்றாக ஓடுகிறது, மாற்ற மனமில்லை என்பவர்கள், புரட்டாசி முடிவதற்குள் முக்கியமான லூப் ஒவ்வொன்றிலும் கம்யூனிகேட்டரை மாட்டி, கருவி சொல்லும் மில்லி ஆம்பியரையும் கண்ட்ரோல் ரூம் காட்டும் மில்லி ஆம்பியரையும் குறித்துக்கொள்ளலாம். மழைக்குப் பிறகு இன்னொரு முறை எடுத்துப் பார்த்தால், எந்த ஜங்ஷன் பாக்ஸில் கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.